மார்கழியில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் போன வாரம் வந்த கேள்வி–பதில் பற்றியது இந்தக் கடிதம். சிவன் கோயிலில் தேவாரம் முதலிய திருமுறைகளைப் பாடுகிற ஓதுவார் பணிக்கான பயிற்சியை முடித்த 21 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கையில் ஒரு சிவன் கோயிலின் ஓதுவார் பணிக்கு அழைப்பு இருக்கிறது. இன்னொரு பக்கம் மெல்லிசைக் குழு ஒன்றும், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் முதல் சுற்றும் கூப்பிடுகின்றன. சுவாமி முன்னால் நின்று பாடும்போது கிடைக்கிற நிறைவு வேறெங்கும் கிடைக்கவில்லை என்கிறார். மேடை ஏறாமல் விட்டால் ஆயுசுக்கும் மனசு அரிக்கும் என்றும் அவரே எழுதுகிறார். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். பதில் சொன்ன ஆலோசகர், 'கனவை விடாதீர்கள், கோயில் எங்கேயும் ஓடிவிடாது' என்று மூன்று வரியில் முடித்துவிட்டார்.

கோயில் ஓடாது, சரி. பாடம் ஓடிவிடும். தேவாரத்தை ஒரு வருஷம் வாயில் போடாமல் வைத்திருந்தவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு பாட்டு வரும். மூன்றாம் பாட்டின் முதல் அடியும் ஆறாம் பாட்டின் இரண்டாம் அடியும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே இதை ஆசைக்கும் கடமைக்கும் நடக்கிற மனப்போராட்டமாக மட்டும் பார்த்து அறிவுரை சொல்வது அந்தத் தம்பிக்கு உதவாது. தொண்டை, நினைவு, தூக்கம் என்ற மூன்றிலும் இரண்டு வேலைகளும் என்ன கேட்கின்றன என்பதைச் சொல்லிவிட்டால் பாதி குழப்பம் தானே தெளிந்துவிடும். இத்தொழிலின் பக்கத்திலேயே இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் விவரங்கள்தான் இவை. அச்சில் வந்து பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கோயில் வேலை. பெரிய சிவாலயங்களில் ஆறு கால பூஜை. சின்னக் கோயில்களில் இரண்டோ நான்கோ. தீபாராதனை முடிந்து மணி ஓய்ந்ததும் ஓதுவார் 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கிப் பஞ்சபுராணம் பாடி, மறுபடி 'திருச்சிற்றம்பலம்' என்று நிறுத்த வேண்டும். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஒவ்வொன்று. சில கோயில்களில் அதற்குமேல் ஒரு திருப்புகழும் வாழ்த்தும் சேரும். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நிமிஷம்தான். அதற்குள் ஆலாபனைக்கு இடமில்லை, நிரவலுக்கு இடமில்லை, கைதட்டலுக்கு இடமே இல்லை. கேட்பவர்களில் பாதிப்பேர் விபூதிக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஏழெட்டு நிமிஷ வேலைதானே என்று நினைத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற கிடங்கைப் பார்க்க வேண்டும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் என்ற மூவர் பாடிய தேவாரம் மட்டும் ஏறத்தாழ 800 பதிகம் (பதிகம் என்பது பெரும்பாலும் பத்துப் பதினோரு பாட்டின் தொகுப்பு), 8,200 பாடலுக்கு மேல். மற்றச் சைவ நூல்களும் அடங்கிய பன்னிரு திருமுறையும் சேர்த்தால் 18,000 தாண்டும். எல்லாவற்றையும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் தான் பணி செய்யும் தலத்தின் பதிகங்கள் முழுவதும் ஓதுவாருக்குப் பாடமாக இருந்தே ஆகவேண்டும். பாடல் பெற்ற தலங்கள் பலவற்றுக்கு ஒரே ஒரு பதிகம்தான், பிரச்சினை இல்லை. சீர்காழியில் வேலை கிடைத்தால் 71 பதிகம், அதில் சம்பந்தர் பாடியது மட்டும் 67. வாரத்துக்கு ஒரு பதிகம் என்று உறுதியாக உட்கார்ந்து படிக்கிறவருக்குத் தேவாரம் முழுவதும் முடிக்க 15 வருஷத்துக்கு மேல் ஆகும். பயிற்சிப் பள்ளியின் மூன்று நான்கு வருஷத்தில் கிடைப்பது நுழைவாயில்தான். மீதிப் படிப்பு முழுக்க வேலையில் இருந்துகொண்டே படிப்பது. அந்தத் தம்பி 21 வயதில் கோயிலை ஒத்திப்போட்டால் உண்மையில் ஒத்திப்போடுவது இந்தப் படிப்பைத்தான். வயது ஏற ஏற மனப்பாடம் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாடம் எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிகத்தின் பத்துப் பதினோரு பாட்டும் பெரும்பாலும் ஒரே யாப்பு, ஒரே நடை. பல பதிகங்களில் கடைசி அடியும் ஒன்றாகவே முடியும். ஆகவே வாய் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும், பாடுகிறவருக்கே தெரியாது. சம்பந்தர் பதிகமென்றால் ஒரு கைப்பிடி உண்டு. பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அயனும் மாலும் வருவார்கள், பத்தில் சமண பௌத்தர், கடைசியில் தன் பெயரும் பாடுவதன் பலனும் சொல்லி முடிக்கிற திருக்கடைக்காப்பு. மற்ற இடங்களில் கைப்பிடி நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு பாட்டின் முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுத்துச் சங்கிலியாக முதலில் உருப்போடுவது, அப்புறம் கடைசிப் பாட்டிலிருந்து முதல் பாட்டுக்குத் திரும்பிப் பாடிப் பார்ப்பது. பின்னாலிருந்து முன்னால் வரத் தெரிந்த பதிகம் சுலபத்தில் கழலாது. கைப்பேசியைப் பார்த்துப் பாடுகிற பழக்கம் வந்துவிட்டால் இதெல்லாம் நடக்காது. கண் படிக்கும்போது மனசு சேமிக்காது.

அடுத்தது பதம் பிரிப்பு. மேடைப் பாட்டுக்கும் ஓதுதலுக்கும் உள்ள பெரிய இடைவெளி இங்கேதான் என்பது என் கட்சி. எல்லோருக்கும் தெரிந்த முதல் பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். 'தோடுடைய செவியன் விடையேறியோர் தூவெண்மதி சூடி' என்று அச்சில் சேர்ந்து இருக்கும். மெட்டின் வசதிக்காக 'விடையேறியோர்' என்ற இடத்தில் மூச்சு விட்டால் 'விடையில் ஏறியவர்கள்' என்று பன்மையாகிவிடும். 'விடை ஏறி' என்று நிறுத்தி, 'ஓர் தூவெண்மதி சூடி' என்று அடுத்த மூச்சில் எடுத்தால்தான் ஒரு வெண்பிறையைச் சூடியவன் நம் முன்னால் வருவான். அடுத்த அடியில் 'உள்ளங்கவர் கள்வன்'. இதில் 'உள்ளங்' என்று இழுத்துவிட்டு 'கவர் கள்வன்' என்று தனியாகப் பாடுகிறவர்கள் உண்டு. 'உள்ளம் கவர்' ஒரே மூச்சு. அப்பரின் 'மாதர்ப் பிறைக்கண்ணியானை' இன்னும் சிக்கல். 'மாதர்' என்று நிறுத்தினால் பெண்கள் என்று பொருள் கொள்வார்கள். அது இங்கே அழகு என்ற பொருளில் பிறையோடு சேர்கிறது. 'கண்ணி' என்பது தலையில் சூடும் மாலை, கண்ணோடு அதற்குச் சம்பந்தமில்லை. எனவே 'மாதர்ப்பிறை' சேர்ந்தும் 'கண்ணியானை' தெளிந்தும் வரவேண்டும். 'மாசில் வீணையும்' பாடும்போது 'வீங்கிள வேனிலும்' என்று பிரித்தால் 'வீங்கிள' என்றொரு சொல்லே தமிழில் கிடையாது. 'வீங்கு இளவேனில்'.

நல்ல ஆசிரியரிடம் படித்தவர் புத்தகத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு வைத்திருப்பார், மூச்சு விடும் இடத்துக்கு ஒரு கோடு, விடக்கூடாத இடத்துக்கு அடியில் ஒரு வளைவு. ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம் இதற்கே போகும். சினிமாப் பாட்டுப் பயிற்சியில் வேலை நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. மூல ஒலிப்பதிவில் பாடகர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கேதான் விட வேண்டும், எந்த எழுத்தை இழுத்தாரோ அதைத்தான் இழுக்க வேண்டும். அதில் தேர்ச்சி பெற்றவரின் வாய் குறிலை நெடிலாக இழுக்கப் பழகிவிடும். 'கவர்' என்பது 'காவர்' ஆகும், 'சிவ' என்பது 'சீவ' ஆகும். ஒலிவாங்கியை உதட்டோடு வைத்துக் கிசுகிசுத்துப் பாடிப் பழகியவருக்கு வல்லினம் மழுங்கிப்போகும். இது குற்றச்சாட்டு அல்ல, அந்த வேலைக்கு அது தேவை. ஒரே வாரத்தில் இரண்டையும் செய்கிறவர் எந்த வாயை எங்கே கொண்டு போகிறோம் என்று கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பண், அதாவது தேவாரத்தின் பழந்தமிழ் ராகம், பலருக்கும் ஓரளவு தெரியும், எனவே சுருக்கமாக. நட்டபாடையைக் கம்பீர நாட்டையிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், கௌசிகத்தைப் பைரவியிலும், கொல்லியை நவரோஜிலும், செந்துருத்தியை மத்தியமாவதியிலும் பாடுவது ஓதுவார் வழக்கு. விடியற்காலைக்குப் புறநீர்மை, அதாவது பூபாளம். இரவுக்கு மேகராகக்குறிஞ்சி, அதாவது நீலாம்பரி. பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரிவு உண்டு. ஒரே பண்ணுக்குள்ளும் யாப்பு மாறினால் நடை மாறும், அதைக் கட்டளை என்பார்கள். நட்டபாடைக்கு மட்டும் எட்டுக் கட்டளை. தருமபுரத்துப் பதிகமான யாழ்முரியை அடாணாவில் தடுமாறாமல் பாடுகிறவருக்கு மற்றப் பதிகங்கள் பயம் காட்டாது. மேடையில் தேவாரத்தைச் சிந்துபைரவியிலோ ரேவதியிலோ பாடினால் கைதட்டல் கூடுதலாக விழும். பாடட்டும். அதே மெட்டைக் கோயிலின் மாலைப் பூஜையான சாயரட்சையில் கொண்டுவந்து பாடினால் அடுத்து வருகிற பையன் அதையே பண் என்று படித்துக்கொள்வான்.

இனித் தொண்டை. காலைப் பூஜை ஐந்தரைக்கோ ஆறுக்கோ தொடங்கும். அந்த நேரத்தில் எந்தக் குரலும் மாலை நேரக் குரலைவிடச் சுருதியில் அரைக்கட்டையாவது இறங்கித்தான் இருக்கும். ஆண் ஓதுவார்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு கட்டையில் நிற்பார்கள். நேற்று மாலை இரண்டு கட்டை வந்ததே என்று விடியலிலும் அங்கேயே பிடித்தால் தாரஸ்தாயி சட்ஜமத்தில் குரல் பிளக்கும். ஒரு மாதம் அப்படியே அழுத்தினால் தொண்டை கட்டிக்கொண்டு எழுந்திருக்காது. வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் கால்மணி நேரம் மந்தரஸ்தாயியில் (கீழ்ச் சுரங்களில்) 'ஆ' என்று அகாரம், வெந்நீர், அப்புறம் அரைக்கட்டை இறக்கிய சுருதிப்பெட்டி. ஈரக் கருங்கல்லில் வெறுங்காலோடு நிற்பது, கற்பூரப் புகை, சாம்பிராணிப் புகை, இதெல்லாம் குரலுக்கு நல்லதில்லை. தீபாராதனைத் தட்டுக்கு நேராக நிற்காமல் இரண்டடி ஒதுங்கி நின்றால் புகை குறையும்.

கருங்கல் மண்டபத்தில் ஒலி உடனே அடங்காது. வேகமாக ஒரு பிருகா போட்டால் முதல் ஸ்வரம் ஓய்வதற்குள் நாலாவது ஸ்வரம் வந்து மோதும். நந்திக்குப் பின்னால் நிற்பவர் காதுக்கு 'ஆ' என்ற இரைச்சல் மட்டும்தான் வந்து சேரும். அங்கே பாடத் தெரிந்தவர்கள் அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு மாத்திரை கூடுதலாக விட்டு, போன அடி சுவரில் போய் அடங்கியதும் அடுத்த அடியை எடுப்பார்கள். பதிவுக்கூடத்தில் பழகிய குரல் இந்தக் காத்திருப்பை முதலில் பொறுக்காது. இன்னொரு எதிரி, மின்சாரத்தில் ஓடுகிற மணி–முரசு இயந்திரம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடச் சொல்கிற கோயில்கள் இருக்கின்றன. அதோடு போட்டி போட்டுக் கத்தக் கூடாது. நிற்கும்வரை நின்று, பிறகு தொடங்குவதுதான் ஒரே வழி. முதல் வாரமே அர்ச்சகரிடம் பணிவாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

மேடையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயில் பழக்கத்துக்கென்று தனி நோய்கள் உண்டு. முதல் நோய் தாளம் தளர்வது. தாளமில்லாமல் விருத்தமாகவே பாடிப் பாடி, கைத்தாளத்தை எடுத்தால் நாலாவது ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) இடறுகிற ஓதுவார்கள் உண்டு. பக்கத்தில் ஒரு மிருதங்கக்காரர் இருந்தால் இது ஒரே மாதத்தில் சரியாகும், கோயிலில் அவர் இருக்கமாட்டார். இரண்டாவது இன்னும் மோசம். தவறாகப் பிரித்த சொல்லைப் பத்து வருஷம் பாடினாலும் திருத்த ஆளில்லை. பக்தருக்குத் தெரியாது, அர்ச்சகருக்குக் கவனமில்லை, சுவாமி வாய் திறக்கப் போவதில்லை. மேடையில் சுருதி விலகினால் வயலின்காரர் முகமே சொல்லிவிடும். ஆகவே கோயிலுக்குப் போகிறவர் மாதம் ஒருமுறையாவது இன்னொரு ஓதுவார் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்ட வேண்டும். பக்கவாத்தியத்தோடு வருஷத்துக்கு நாலு கச்சேரியாவது செய்ய வேண்டும். கலை ஆசை இந்த அளவுக்குப் பணிக்கே தேவைப்படுகிறது.

இரண்டும் சேர முடியாது என்பதும் இல்லை. எம். எம். தண்டபாணி தேசிகர் தேவாரம் பயின்ற பரம்பரையிலிருந்து வந்தவர்தான். 1936இல் பட்டினத்தாராகவும் 1942இல் நந்தனாராகவும் திரையில் நடித்தார், பின்னால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையில் இருந்தார். தருமபுரம் ப. சுவாமிநாதன் திருமுறையை விட்டு நகரவேயில்லை. அவர் பாடிய தேவாரப் பதிவுகளைக் கேட்டுத்தான் இன்று பல மாணவர்கள் பாடம் சரிபார்க்கிறார்கள். சென்னைத் தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டத்தோடு பண் இசைப் பேரறிஞர் என்று தனியாக ஒரு பட்டமும் வைத்திருக்கிறது. தேசிகரை உதாரணம் காட்டி மேடைக்குப் போகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குத் திருமுறை முதலில் தொண்டையில் ஏறியது, சினிமா அப்புறம். வரிசையை மாற்றிப் போட்டு அதே பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னும் பின்னால் போனால், தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, ராஜராஜன் 48 பேரை அமர்த்திய கல்வெட்டு இருக்கிறது. அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி (மூன்று குறுணி) நெல். பாடுகிறவர்களோடு லயத்துக்கும் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உரிமைக்காரர் வரவேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஆளைப் போட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வைத்தார்கள். பிள்ளைக்கு வரவில்லையென்றால் வற்புறுத்தாதே என்பதற்கு ஆயிரம் வருஷத்து ஆதாரம். அந்தத் தம்பியின் அப்பா இதைப் படித்தால் நல்லது.

இப்போது மோதல் நிஜமாக எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மெல்லிசைக் கச்சேரி இரவு ஏழுக்குத் தொடங்கும். ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டால் பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும். அப்புறம் பெட்டிகளை ஏற்றி, சாப்பிட்டு, வேனில் ஊர் திரும்ப ஒரு மணி, இரண்டு மணி. நாலரைக்கு எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போக வேண்டியவருக்கு இது மாதத்தில் இரண்டு நாள் தாங்கும். எட்டு நாள் தாங்காது. முதலில் அடிபடுவது காலைக் குரல். பிறகு 'இன்றைக்கு மட்டும் பதிவைப் போட்டுவிடுங்கள்' என்று ஒருநாள் ஆரம்பிக்கும். மெல்லிசைக் குழுவுக்கு வேலை வருவதே தை முதல் ஆடி வரை ஊர் ஊராக நடக்கிற திருவிழாக்களில்தான். அவர் பணி செய்யும் கோயிலிலும் அப்போது கொடியேறியிருக்கும்.

கர்நாடக இசை மேடையென்றால் மார்கழி. சென்னைச் சபாக்களின் இசை விழாக்கள் பெரும்பாலும் அந்த மாதத்தை ஒட்டித்தான் நடக்கும். புதியவர்களுக்குக் கிடைப்பதே பகல் நேரக் கச்சேரி, அதற்குத் தேதி கேட்டு மாதக்கணக்கில் அலைய வேண்டும். கோயிலில் அதே மார்கழியில்தான் முப்பது நாளும் இருட்டோடு திருப்பள்ளியெழுச்சி, திருவெம்பாவை, இடையில் ஆருத்ரா தரிசனம். ஓதுவாருக்கு வருஷத்திலேயே கேட்க ஆள் இருக்கிற மாதம் அதுதான், சொற்பிழை இல்லாமல் ஒருவர் பாடினால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதம். லீவு கேட்க முடியாது, கேட்டாலும் கிடைக்காது. மயிலாடுதுறையில் விடியலில் பாடிவிட்டுப் பகலில் மயிலாப்பூரில் பாட முடியுமா என்று ரயில் அட்டவணையைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் முடியும். அதனால்தான் அந்தத் தம்பி எதில் நிற்பார் என்பதை மார்கழியில் எங்கே இருக்க விரும்புவார் என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்கிறேன். மற்ற பதினோரு மாதமும் சமாளிக்கக் கூடியவை.

தொலைக்காட்சிப் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஒன்றரை நிமிஷத்திலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் ஒரு பாட்டை மின்னவைக்கிற வேலை அது. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் நாலு விஷயம் பார்க்க வேண்டும்: நிகழ்ச்சி ஓடும்வரை வெளியே பாடலாமா, முடிந்த பிறகு எத்தனை மாதம் கட்டுப்பாடு, பாடியதன் உரிமை யாருக்கு, ஒத்திகைக்கு மாதம் எத்தனை நாள் சென்னையில் இருக்க வேண்டும். வெளியே பாடக் கூடாது என்ற வாசகத்துக்குக் கோயிலில் பாடுவதும் உட்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கோயில் பணியையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். தெய்வ காரியம் என்று கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பின்னால் முணுமுணுப்பவர்கள் அதிகம். முழுநேரமா, தொகுப்பூதியமா? நாளுக்கு எத்தனை காலப் பூஜை, வாரவிடுமுறைக்கு மாற்று ஆள் உண்டா? வெளிக் கச்சேரிக்கு அனுமதி எழுத்தில் கிடைக்குமா? சுருதிப்பெட்டியும் ஒலிவாங்கியும் உண்டா, நிற்கிற இடம் எது? முக்கியமாக, பாடுவது தவிர வேறென்ன வேலை? ஓதுவாரை அர்ச்சனைச் சீட்டுக் கிழிக்கவும், அலுவலகத்தில் பேரேடு எழுதவும் உட்கார வைத்துவிட்டு, உச்சிக்காலத்துக்கு ஒலிப்பதிவைப் போட்டு விடுகிற கோயில்கள் இல்லாமல் இல்லை. நல்ல குரலோடு உள்ளே போன பையனின் ஆசையைக் கொல்வதில் மேடைக்கு முன்னால் நிற்பது இந்தச் சீட்டுக் கவுண்டர்தான். இந்தக் குறையை எழுதாமல் இளைஞர்கள் ஏன் வரவில்லை என்று மட்டும் கட்டுரை போடுவது சரியில்லை, ஆசிரியர் அவர்களே. பெண்களும் இப்போது வருகிறார்கள். 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் பெண் ஓதுவார் நியமனமானது தங்கள் பத்திரிகையிலும் செய்தியாக வந்திருக்கும். உடை மாற்ற ஓர் அறை, இருட்டில் வந்துபோக வழி என்று அவர்களுக்குக் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு.

என் அபிப்பிராயம் கேட்டால், மனப்பாடம் ஏறுகிற வயது இருக்கும்போதே கோயிலில் சேர்ந்து, வருஷத்துக்கு நாலு மேடை வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் மனசு ஒட்டாமல், போட்டியில் தோற்றால் இருக்கட்டும் என்று இந்தப் பணியைத் துண்டு போட்டு வைக்க வேண்டாம். ஆறு மாதத்தில் விட்டுப் போனால் அந்த இடத்தில் ஒலிப்பெட்டி வந்து உட்காரும், ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஆளைப் போட நிர்வாகத்துக்கு அவசரம் இருக்காது.

முடிவெடுக்க முடியவில்லையென்றால் ஒரு மண்டலம், 48 நாள், சோதித்துப் பார்க்கலாம். பணி உத்தரவு கூட வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில், ஓதுவார் இல்லாத ஒரு சின்னச் சிவன் கோயிலில் அர்ச்சகரிடம் சொல்லிவிட்டு, தினமும் காலைப் பூஜையில் பஞ்சபுராணமும், அது முடிந்து தனியாக உட்கார்ந்து ஒரு முழுப் பதிகமும். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும். பதிவு செய்து எங்கேயும் போடக் கூடாது. போட்டால் அதுவும் மேடைதான். அதே 48 நாளில் குழுவோடு மூன்று கச்சேரிக்கு மேல் வேண்டாம்.

முதல் பத்து நாள் புது மாப்பிள்ளைக் குஷி, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பதினைந்தாம் நாளுக்கு மேல்தான் கவனிக்க வேண்டும். கேட்க ஆள் வந்தால் மட்டும் சங்கதி கூடுகிறதா? யாரும் இல்லாத நாளில் பாட்டைக் குறைத்துவிட்டுக் கிளம்பத் தோன்றுகிறதா? அப்படியானால் மேடைக்காரர் அவர், வெட்கப்பட ஒன்றுமில்லை. மழை நாளில் அர்ச்சகரும் தானும் மட்டும் நிற்கும்போது ஒரு சொல் பிசகி, அது பகல் முழுக்க உறுத்தி, சாயங்காலம் புத்தகத்தைத் தேடி எடுக்க வைத்தால் அது வேறு கதை.

இதற்கு ஒரு 80 பக்க நோட்டு போதும். நாளுக்கு ஒரு பக்கம்: தேதி, எழுந்த நேரம், சுருதி, பதிகம், பண், பிசகிய சொல், எத்தனை பேர் கேட்டார்கள். கச்சேரி நடந்த இரவுகளுக்கும் இதே போல ஒரு பக்கம் எழுதட்டும். நாற்பத்தொன்பதாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, பணி உத்தரவுக்குப் பதில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தேவார இசை ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை.